மண் தரும் நீலம்

உதகமண்டலம், குன்னூர், கொடைக்கானல் போன்ற மலைநகரங்களில், வீட்டு முற்றங்களில் பந்து பந்தாகப் பூங்கொத்துகளைத் தாங்கி நிற்கும் ஹைட்ராஞ்சியாச் செடியை உங்களுள் பலர் கண்டிருப்பீர்கள். அதன் நீல நிறத்தில் மனம் பறிகொடுத்து, செடி வாங்கி வந்து தம் தோட்டத்தில் நட்டவர்களும் உண்டு. அடுத்த பருவத்தில் அது இளஞ்சிவப்பாகப் பூத்தால், “வேறு இனத்தைத் தந்து ஏமாற்றிவிட்டான்” என்று விற்றவனை வைகின்றனர். செடியையும் பிடுங்கி எறிகின்றனர். பிழை விற்றவனுடையதும் அன்று, செடியினுடையதும் அன்று. அதன் நீலம் மண்ணிலிருந்து வருவது.

இச்செடியின் தாயகம் ஜப்பான். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவை அடைந்து, பின்னர்ப் பல நாடுகளுக்கும் பரவியது. நாம் இதழ்கள் என்று கருதி மகிழ்பவை பெரும்பாலும் புல்லிதழ்களே. உண்மையான பூ மிகச் சிறியது.

பள்ளியில் அறிவியல் பயின்றோர் லிட்மஸ் தாளை அறிவர். அமிலம் பட்டால் அது சிவக்கும். காரம் பட்டால் நீலமாகும். ஹைட்ராஞ்சியாவோ இதற்கு நேர்மாறானது. அமில மண்ணில் நீலமாகவும் சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இளஞ்சிவப்பாகவும் பூக்கும். காரணம் யாதெனின், மண்ணில் உள்ள அலுமினியமே. மண் அமிலத் தன்மையுடையதாயின் அலுமினியம் நீரில் கரைந்து, வேர் வழியே ஏறி, பூவிலுள்ள நிறப்பொருளுடன் கூடி நீலத்தை உண்டாக்குகிறது. சுண்ணாம்பு மிகுந்தால் அது கரையாமல் மண்ணிலேயே தங்கிவிடுகிறது. மண்ணின் பி.எச். அளவு 5 முதல் 5.5 வரை இருப்பின் நீலம், 6.5ஐக் கடந்தால் இளஞ்சிவப்பு, இடைப்பட்டால் ஊதா. நீலகிரியில் பெருமழை சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு போய்விடுவதால், மண் இயல்பாகவே அமிலமாக இருக்கிறது. வெண்ணிறப் பூ வகைகள் மட்டும் எம்மண்ணிலும் நீலமாவதில்லை.

ஆதலின், நீலம் வேண்டுவோர் முதலில் சிலவற்றைச் செய்யாதிருக்க வேண்டும். அடுப்புச் சாம்பலைச் செடியடியில் கொட்டலாகாது. அது அமிலத்தைப் போக்கிவிடும். சுண்ணாம்புச் சுவரையும் புதிய சிமெண்டுத் தளத்தையும் ஒட்டி நடலாகாது. எலும்புத்தூளும் சூப்பர் பாஸ்பேட்டும் வேண்டா. அவற்றிலுள்ள பாஸ்பரஸ் அலுமினியத்தைப் பிணைத்துவிடும். துருப்பிடித்த ஆணிகளைப் புதைப்பதாலும் பயனில்லை. இரும்பு வேறு, அலுமினியம் வேறு.

இனிச் செய்யத் தக்கவை. காலை வெயிலும் பிற்பகல் நிழலும் உள்ள இடத்தில், இலைமக்கு மிகுந்த மண்ணில் நடுக. சுண்ணாம்பு கலந்த கிணற்று நீரைவிட மழைநீர் நன்று. மண் அமிலமாக இல்லையெனில், 4 லிட்டர் நீரில் அலுமினியம் சல்பேட் 15 கிராம் கரைத்து, மொட்டு அரும்பும் முன்பே, சில வாரங்களுக்கு ஒருமுறை ஊற்றலாம். முதலில் மண்ணை நன்கு நனைத்துக்கொள்க. அளவு மிஞ்சினால் வேர் கருகும். அண்மையில் நட்ட இளஞ்செடிக்கு இது கூடாது. நீலம் ஒரே நாளில் வாராது. ஒரு பருவமேனும் பொறுத்திருக்க வேண்டும். கிளைகளைக் கவாத்து செய்வது பூத்து முடிந்தவுடனேயே ஆகட்டும். காலம் தாழ்த்தி வெட்டினால், அடுத்த ஆண்டின் மொட்டுகளையும் வெட்டியவராவோம். இலையும் மொட்டும் நஞ்சுடையவை; குழந்தைகளும் ஆடுமாடுகளும் வாயில் வையாதபடி காத்தல் வேண்டும். சமவெளியின் கோடை வெம்மையை இச்செடி தாங்காது. ஆதலால் இது மலைவாழ் அன்பர்களுக்கே ஏற்றது.

ஆசிரியர் தொழிலில் நெடுங்காலம் கழித்தவன் என்ற முறையில் ஒன்று சொல்ல விரும்புகிறேன். வகுப்பில் பின்தங்கிய பிள்ளையை, “இவன் இயல்பே இவ்வளவுதான்” என்று தள்ளிவிடுவது எளிது. அவன் உண்ட உணவையும், வீட்டில் விளக்கிருந்ததா என்பதையும் கேட்டறிந்த பின்னரே அவனைப் பற்றி முடிவு கூறுவது முறை. சிவந்து பூத்த செடியைப் பிடுங்குமுன், ஒரு பிடி மண்ணை எடுத்துச் சோதித்துப் பாருங்கள்.