செஞ்சட்டைக்காரர்கள் ஏந்திய ஆயுதம்

(சுதந்திர தினத்தன்று கொடியேற்றத்திற்குப் பின் நம் அறக்கட்டளை அரங்கில் செயலாளர் ஆற்றிய உரை)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

ஒவ்வோர் ஆண்டும் இந்நாளில் விடுதலைக்குப் பாடுபட்ட முஸ்லிம்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லிவிட்டு, மிட்டாய் கொடுத்துக் கலைந்துவிடுகிறோம். இன்று ஒரே ஒரு மனிதரைப் பற்றி மட்டும் பேசுகிறேன். அவர் கான் அப்துல் கப்பார் கான். எல்லை காந்தி என்று நம் பாடப்புத்தகங்களில் ஒரு வரியில் வருவாரே, அவர்தான்.

1890-இல் பெஷாவருக்கு அருகே உத்மான்ஜை என்ற கிராமத்தில் பிறந்தவர். அவருடைய பட்டாணிய மக்களை வெள்ளைக்காரன் எப்படி ஆண்டான் தெரியுமா? 1901-இல் எல்லைப்புறக் குற்றங்கள் சட்டம் என்று ஒன்று கொண்டுவந்தான். ஒருவன் செய்த குற்றத்திற்கு அவன் கூட்டத்தையே தண்டிக்கலாம். 1919-க்குப் பின் மற்ற மாகாணங்களுக்குக் கிடைத்த சட்டசபை உரிமைகூட அந்த மண்ணுக்கு 1932 வரை கிடைக்கவில்லை. கேட்டால், இவர்கள் முரடர்கள், துப்பாக்கி மொழிதான் இவர்களுக்குப் புரியும் என்பார்கள்.

அந்தப் பேச்சுக்கு இடம் கொடுத்ததும் நம் சகோதரர்களின் ஒரு பழக்கம்தான். பழிக்குப் பழி! தாத்தா காலத்துப் பகைக்குப் பேரன் துப்பாக்கி தூக்குவான். ஒரு வீட்டுக்காரனும் எதிர்வீட்டுக்காரனும் சுட்டுக்கொண்டு கிடந்தால், ஆள வந்தவனுக்கு அதைவிட நிம்மதி வேறு என்ன இருக்கிறது?

கப்பார் கான் இதைப் புரிந்துகொண்டார். முதலில் பள்ளிக்கூடம் திறந்தார். 1910-இல் சொந்த ஊரில் தொடங்கி, பிறகு கிராமம் கிராமமாக நடந்தார். 1928-இல் பஷ்து மொழியில் பத்திரிகை தொடங்கி, அதில் பெண்களையும் எழுதச் சொன்னார். 1929-இல்தான் "குதாயி கித்மத்கார்" படையை அமைத்தார். இறைவனின் ஊழியர்கள் என்று பொருள். இறைவனுக்கு நம் ஊழியம் தேவையில்லை; அவன் படைப்புகளுக்குச் செய்வதே அவனுக்குச் செய்யும் கிதுமத் என்று விளக்கினார்.

அந்தப் படையில் அணிவகுப்பு உண்டு, பதவிகள் உண்டு. ஆயுதம் மட்டும் கிடையாது. வெள்ளை உடை சீக்கிரம் அழுக்காகிறது என்று செங்கல் நிறச் சாயம் தோய்த்து உடுத்தினார்கள். செஞ்சட்டைக்காரர்கள் என்ற பெயர் நிலைத்தது. சேரும்போது சத்தியம் செய்ய வேண்டும்: வன்முறை செய்ய மாட்டேன், பழிவாங்க மாட்டேன், எனக்குத் தீங்கு செய்தவரை மன்னிப்பேன், நாள்தோறும் இரண்டு மணி நேரம் பொதுப்பணி செய்வேன். பட்டாணியர் வாக்குக் கொடுத்தால் மீற மாட்டார். அதனால் அந்தச் சத்தியம் சும்மா ஒரு சடங்காக இருக்கவில்லை.

1930 ஏப்ரல் 23. உப்புச் சத்தியாகிரகக் காலம். கப்பார் கானைக் கைது செய்தார்கள். பெஷாவர் கிஸ்ஸா குவானி கடைவீதியில் மக்கள் திரண்டார்கள். கவச வண்டிகள் கூட்டத்துக்குள் புகுந்தன. துப்பாக்கிச் சூடு நடந்தது. முன்னால் நின்றவர் விழ, பின்னால் நின்றவர் முன்னே வந்தார். அரசாங்கம் சொன்ன கணக்கைப் போலப் பல மடங்கு பேர் இறந்ததாக மக்கள் சொன்னார்கள்.

அன்று இன்னொன்றும் நடந்தது. கார்வால் படைப்பிரிவைச் சேர்ந்த சிப்பாய்களுக்குச் சுடச் சொல்லி உத்தரவு வந்தது. அவர்கள் இந்துக்கள், எதிரே நின்றவர்கள் முஸ்லிம்கள். சந்திர சிங் தலைமையில் அவர்கள், நிராயுதபாணிகளைச் சுட மாட்டோம் என்று மறுத்துவிட்டார்கள். இராணுவ நீதிமன்றம் சந்திர சிங்குக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. எதிரில் இருந்தவர்கள் கையில் துப்பாக்கி இருந்திருந்தால் அந்தச் சிப்பாய்களின் மனசாட்சிக்கு வேலை இருந்திருக்குமா? யோசித்துப் பாருங்கள்.

இது காந்தியாரிடம் கடன் வாங்கியதல்ல, ரஸூலுல்லாஹ் (ஸல்) மக்காவில் காட்டிய வழி என்றே கப்பார் கான் தம் மக்களிடம் சொன்னார். பிலால் (ரலி) சுடுமணலில் கிடந்தார்கள். சுமையா (ரலி) உயிரையே கொடுத்தார்கள். பதின்மூன்று ஆண்டு மக்கா வாழ்வு முழுதும் ஸபர்தான் ஆயுதம். ஸபர் என்றால் வாயை மூடிக்கொண்டு அநீதியை ஏற்பதல்ல. சொல்ல வேண்டியதைச் சொல்லி, அதற்கான விலையைத் தானே கொடுப்பது. பிறகு வெற்றியாளராக மக்காவுக்குள் நுழைந்த நாளில் அண்ணலார் பழிவாங்கவில்லை, மன்னித்தார்கள்.

நாடு விடுதலை அடைந்த பிறகும் அவருக்கு ஓய்வில்லை. பிரிவினையை எதிர்த்தவர் என்பதால் பாகிஸ்தான் அரசும் சிறையில் அடைத்தது. 1948 ஆகஸ்ட் 12 அன்று பாப்ராவில் அவருடைய ஊழியர்கள் மீது சுட்டது முஸ்லிம் அரசாங்கம்தான். அப்போதும் அவர் வழி மாறவில்லை. 1987-இல் இந்தியா பாரத ரத்னா வழங்கியது. 1988-இல் வஃபாத்தானார்.

இனி நம் மஹல்லாவுக்கு வருகிறேன். வாலிபர்கள் என்னிடம் வந்து, "செயலாளர் பாய், நாட்டில் இவ்வளவு நடக்கிறது, நாம் என்ன செய்வது?" என்று கொதிக்கிறார்கள். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் அதைக் கைப்பேசியில் ஸ்டேட்டஸ் போட்டுத் தீர்க்கிறீர்கள். நம் இலவச மாலை வகுப்புக்குப் பாடம் நடத்த ஆள் கேட்டு மூன்று மாதமாகிறது, வந்தவர்கள் இருவர். தினமும் இரண்டு மணி நேரம் வேண்டாம், வாரத்துக்கு இரண்டு மணி நேரம் தாருங்கள்.

இன்னொன்று, சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது. வீட்டுச் சுவர்த் தகராறில் நானும் என் காக்காவும் இரண்டு வருடமாகப் பேசவில்லை. மூன்று நாளைக்கு மேல் சகோதரனிடம் பேசாதிருப்பது ஆகாது என்ற ஹதீஸை இதே மேடையில் நானே உங்களுக்குச் சொல்லியிருக்கிறேன். இந்த உரைக்குக் குறிப்பு எடுக்கும்போது, மன்னிப்பேன் என்ற அந்தச் சத்தியத்துக்கு மேல் பேனா நகரவில்லை. நேற்று மஃரிபுக்குப் பிறகு அவர் வீட்டுக்குப் போய் ஸலாம் சொன்னேன். பதில் சொன்னார், உட்காரச் சொல்லவில்லை. இன்ஷா அல்லாஹ், இன்றும் போவேன்.

நம் மஹல்லாவில் இப்படி எத்தனை சுவர்கள் இருக்கின்றன என்று நம் ஒவ்வொருவருக்கும் தெரியும். ஒருவர் முதலில் ஸலாம் சொன்னால் போதும். கொடி ஏற்றிய இந்த நாளில் அதைத் தொடங்குவோம்.

அல்லாஹ் நம் உள்ளங்களை இணைத்து வைப்பானாக! ஆமீன். வஆகிரு தஃவானா அனில் ஹம்துலில்லாஹி ரப்பில் ஆலமீன்.