மேனியாக நிற்கும் தாள்



பேச்சின் பொருளைக் கேட்டதும் சிலர் நெளிந்திருப்பீர்கள். நினைவுச் சொற்பொழிவில் காலண்டர் அழகிகளா என்று. நான் பேசப்போவது அழகிகளைப் பற்றிக் குறைவு, அவர்கள் அச்சேறிய தாளைப் பற்றியே அதிகம். பழைய அமெரிக்க பின்-அப் படங்களை ஜப்பானிய வாஷித் தாளில் அச்சிட்டுக் கலைப்பொருளாக விற்கிறார்கள் அல்லவா, அந்தப் படத்தில் தாளுக்கு என்ன வேலை என்ற என் கேள்வி அங்கிருந்துதான் பிறந்தது.

பின்-அப் ஓவியர் கில் எல்வ்கிரென் தன் அழகிகளை கேன்வாஸில் எண்ணெய் வண்ணத்தால் தீட்டினார். மின்னசோட்டாவின் பிரவுன் அண்ட் பிகலோ நிறுவனம் அவற்றைக் காலண்டராக்கிக் கடைகளுக்கும் பட்டறைகளுக்கும் அனுப்பியது. அந்த அச்சில் மேனி என்பது முழுக்க மை. வண்ணப் புள்ளிகள் நெருங்கி நின்று கன்னமாகத் தெரியும். மையைச் சுமப்பதைத் தவிரத் தாளுக்கு அங்கே வேலையில்லை.

ஜப்பானின் எடோ நகரத்து மரக்கட்டை அச்சில் கதை வேறு. கிதாகாவா உதாமாரோ 1790களில் தேநீர்க்கடைப் பெண்களை வரைந்தார். முகத்தைச் சுற்றி மெல்லிய கோடு ஓடும், உள்ளே பெரும்பாலும் வெறும் தாள்தான். அதுவே அவள் மேனி. அப்பெண்களின் பெயரைப் படத்தில் பொறிக்க அரசு தடை போட்டபோது, பெயரைப் படப்புதிராக மாற்றி ஓரத்தில் வைத்தார்கள். பிறகு புதிருக்கும் தடை வந்தது.

மேனியாக நிற்கத் தாளுக்குத் தகுதி வேண்டுமே. வாஷி செய்ய, மல்பெரிக் குடும்பத்து கோசோ மரத்தின் உள்பட்டையை வேகவைத்து, அழுக்குப் பொறுக்கி, அடித்து நாராக்குவார்கள். தொட்டித் தண்ணீரில் தொரொரோ-அவோய் வேரின் வழவழப்பான சாறு சேரும். நார் அடியில் படியாமல் மிதக்க அதுவே துணை. நீண்ட நார் என்பதால், ஈரத்தாளைக் கட்டைமேல் வைத்து மூங்கிலுறை போர்த்திய பாரென் என்னும் தேய்ப்பானால் எத்தனை முறை தேய்த்தாலும் அது கிழியாது. வண்ணம் மேலே படலமாக நிற்காமல் நாருக்குள் இறங்கும். ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனிக் கட்டை. தாள் நகராதிருக்கக் கட்டையின் மூலையிலும் ஓரத்திலும் கெந்தோ என்னும் வெட்டுக்குறி.

ஜப்பானிய ஓவியர் ஹஷிகுச்சி கோயோ 1920இல் வெளியிட்ட, தலைவாரும் பெண்ணின் மரக்கட்டை அச்சுப் படத்தைப் பாருங்கள். அப்பிரகத் தூள் மினுங்கும் பின்னணியில் நீண்ட கருங்கூந்தல் சரிந்து விழுகிறது. அதன் ஒவ்வொரு இழையும் கட்டையில் செதுக்கப்பட்ட மேட்டுக்கோடு. எண்ணெய் ஓவியம் பயின்றவர் கோயோ. தசைக்கு வண்ணம் அப்பத் தெரிந்தவர், இங்கே அதை அடக்கி, பெரும்பகுதியைத் தாளிடமே விட்டார். பதிப்பாளர் வதனாபே ஷோசாபுரோவுடன் 1915இல் ஒரே ஒரு படம் செய்து நிறைவில்லாமல், பிறகு செதுக்குவோரையும் அச்சிடுவோரையும் தானே மேற்பார்த்தார். தலைவாரும் பெண் வெளிவந்த மறுஆண்டே, நாற்பது வயதில் இறந்தார்.

இப்போது எல்வ்கிரெனின் படத்தை இங்க்ஜெட்டில் வாஷிமீது ஏற்றுகிறார்கள். பளபளப்பு அடங்கி மென்மை வருகிறது, மறுக்கவில்லை. ஆனால் உச்சந்தலை முதல் பாதம் வரை மை மூடிவிட, தாள் பேச வேண்டிய இடத்தில் வாய் கட்டிக் கிடக்கிறது. பெயரளவில் வாஷி, செய்த வேலை காலண்டர் தாளின் வேலை. என் கணக்கில் அது நல்ல நகல், அவ்வளவே. மரக்கட்டை அச்சின் விலையை அதற்குக் கேட்பது நியாயமில்லை.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அருங்காட்சியகத்தில் உதாமாரோவையோ கோயோவையோ பார்க்க வாய்த்தால், முகத்தை ரசித்ததோடு நகர்ந்துவிடாதீர்கள். பக்கவாட்டில் நின்று கன்னத்தைப் பாருங்கள். நார் தெரியும்.