பிடி கொடுத்த சொல்

ஒரு மனிதர் நழுவி நழுவிப் பேசினால் "பிடி கொடாமற் பேசுகிறார்" என்கிறோம். பாத்திரத்தின் பிடி இவ்வாறு பேச்சுக்குள் வந்தது தமிழில் மட்டுமன்று. இலத்தீனில் 'அன்சா' என்றொரு சொல் உண்டு. சாடியின் வளைந்த கைபிடியே அதன் பொருள். செருப்பின் வாரைக் கோக்கும் கண்ணியையும் அது குறித்தது. பின்னர் 'வாய்ப்பு', 'இடங்கொடுத்தல்' என்றும் விரிந்தது. நட்பைப் பற்றி எழுதிய சிசரோ, நண்பன் பிழை செய்து கண்டிக்க இடம் தருவதைக் கைபிடி தருவதாகவே சொல்கிறார்.

இச்சொல் வானத்துக்கும் ஏறியது. 1610 இல் கலிலியோ தமது தொலைகாட்டியாற் சனியைப் பார்த்தபோது மூன்று கோள்கள் நெருங்கி நிற்பதாக எண்ணினார். 1612 இல் பக்கத்துக் கோள்கள் இரண்டும் மறைந்துவிட்டன. 1616 இல் இருபுறமும் பிடி வைத்த சாடிபோலச் சனி தோன்றியது. அவை என்னவென்று அறியாமலே வானியலார் 'அன்சா' என்ற பெயரால் அவற்றைக் குறித்தனர். அது கோளைச் சூழ்ந்த மெல்லிய தட்டை வளையம் என்று ஹைகன்ஸ் 1659 இல் நூலெழுதி விளக்கினார். வளையத்தின் விளிம்பு நம்மை நோக்கும்போது அது கண்ணுக்கு மறையும். 2025 மார்ச்சிலும் அவ்வாறு நேர்ந்தது.

உண்மை தெரிந்த பின்னரும் பெயர் போகவில்லை. வளையத்தின் இரு கோடிகளும் இன்றும் அன்சாதான். கழுத்திலுள்ள ஒரு நரம்புக் கண்ணிக்கும் மருத்துவர் அப்பெயரையே இட்டனர். காசநோய்க்குத் தரும் ரிபம்பிசின் மருந்தின் மூலக்கூறில், வாளியின் வளைபிடிபோல ஒரு நீண்ட சங்கிலி வளைந்து நிற்கிறது. அதனால் அம்மருந்துக் குடும்பத்தின் பெயரிலும் 'அன்சா' உண்டு.

கலைச்சொல் என்றால் பொருள் முழுவதையும் அடக்கவேண்டும் என்று என் மாணவர் பலர் நினைக்கின்றனர். பொருத்தமான தமிழ்ச்சொல் அகப்படும்வரை எழுதாமலே இருந்துவிடுவோரும் உளர். அவர்களுக்கு நான் சனியின் கதையைச் சொல்வதுண்டு. நாற்பது ஆண்டுக்கு மேலாக, இன்னதென்று தெரியாத பொருளொன்றை அறிஞர் கைவிடாது ஆராய்ந்தனர். அதற்கு ஓர் எளிய அடுக்களைச் சொல் போதியதாயிற்று. ஊசியின் துளையைக் 'காது' என்றவர்கள் நாம். அத்தகைய சொற்கள் நம் வீடுகளிலும் நிறைய உண்டு. தயங்காமல் எடுத்தாளுங்கள். பிடி கிடைத்தாற் பொருள் பின்னர் கைக்கு வரும்.