பம்பாய் பிளேக்கும் ஒரு வகைக்கெழுச் சமன்பாடும்

பட்ட வகுப்புகளில் கற்பிக்கப்படும் வகைக்கெழுச் சமன்பாட்டு அறிமுகப் பாடம் பெரும்பாலும் தீர்வு முறைகளின் வரிசையாகவே நடத்தப்படுகிறது. மாறிகளைப் பிரித்தல், சமபடித்தான வடிவம், தொகையீட்டுக் காரணி என ஒவ்வொன்றாகப் பயிற்சி நடந்து, சமன்பாடு எங்கிருந்து வந்தது என்ற கேள்வி எழாமலே தேர்வும் வந்துவிடுகிறது. ஒரு கணியம் எவ்வளவு என்று கூறாமல், அது எவ்வேகத்தில் மாறுகிறது என்பதை மட்டும் கூறி, அதிலிருந்து அக்கணியத்தைக் கண்டறியச் சொல்வதே வகைக்கெழுச் சமன்பாடு. ஆகவே மாறும் வேகத்தைப் பற்றி முதலில் கொள்ளப்படும் எடுகோளே பாடத்தின் உயிர்நிலை. தீர்ப்பது அதற்குப் பிந்திய வேலை. இதனை விளக்க, கதிரியக்கச் சிதைவு, சூடான பொருள் ஆறுதல் போன்ற வழக்கமான எடுத்துக்காட்டுகளைவிட 1927இல் வெளிவந்த ஓர் ஆய்வுரை தகுதியானது. ஏனெனில் முன்னவற்றில் எடுகோள் பெரும்பாலும் சரியாகவே அமைந்துவிடுவதால், அதனை ஐயுற வேண்டிய தேவையே மாணவருக்கு நேர்வதில்லை.

லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் அந்த ஆய்வுரையை எழுதியவர்கள் இருவர். ஆண்டர்சன் மெக்கென்ட்ரிக், இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து கசௌலி பாஸ்டர் நிலையத்தில் பணியாற்றியபின் எடின்பரோ திரும்பிய மருத்துவர். வில்லியம் கெர்மக், 1924இல் ஆய்வுக்கூட விபத்தில் பார்வையை இழந்த வேதியியலாளர். மக்களை அவர்கள் மூவகையாகப் பகுத்தனர்: நோய் தொற்றக்கூடியவர், நோயுற்றுப் பரப்புபவர், குணமடைந்தோ இறந்தோ பரவலிலிருந்து நீங்கியவர். புதிதாகத் தொற்றும் வேகம் முதல் இரு வகையினரின் எண்ணிக்கைகளைப் பெருக்கிவரும் பலனுக்கும், நோயுற்றவர் நீங்கும் வேகம் அவர்களின் எண்ணிக்கைக்கும் நேர்விகிதத்தில் இருக்கும் எனக் கொண்டால், ஒன்றோடொன்று பிணைந்த மூன்று சமன்பாடுகள் கிடைக்கின்றன. இவற்றைத் தீர்க்காமலே ஒரு முடிவை எட்டலாம். நீங்கும் வீதத்தைத் தொற்று வீதத்தால் வகுத்தால் வரும் எண்ணைவிடத் தொற்றக்கூடியவர் குறைவாக இருந்தால், நோயுற்றவர் தொகை தொடக்கம் முதலே இறங்கும், கொள்ளைநோய் மூளாது. தொற்றுவதற்கு ஆள் எஞ்சாதபோதுதான் நோய் ஓயும் என்ற கருத்து இதனால் தளர்ந்தது. பலர் தீண்டப்படாமல் எஞ்சியிருக்கும்போதே நோய் தணியக்கூடும்.

காலத்தைக் கொண்டு தீர்வை வெளிப்படையாக எழுதுவதுதான் கடினம். நீங்கியவருக்குரிய சமன்பாட்டில் ஓர் அடுக்குக்குறிச் சார்பு நிற்கிறது. அதனைத் தொடராக விரித்து, மூன்றாம் படி முதலான உறுப்புகளைக் கைவிட்டால், வலப்பக்கம் இருபடிக் கோவையாகிறது. மக்கள்தொகைக்கென வெர்ஹுல்ஸ்ட் 1838இல் எழுதிய சமன்பாட்டின் இனமே அது. மாறிகளைப் பிரிக்கத் தெரிந்த மாணவர் எவரும் அதனைத் தீர்க்கலாம். பம்பாய்த் தீவில் 1905 டிசம்பர் 17 முதல் 1906 ஜூலை 21 வரை வாரந்தோறும் பிளேக்கால் நேர்ந்த இறப்புகளோடு ஒப்பிட்டு ஆசிரியர்கள் பெற்ற சூத்திரம் இது: வாரங்களின் எண்ணிக்கையை 0.2ஆல் பெருக்கி, 3.4ஐக் கழித்து, வரும் எண்ணின் அதிபரவளைய சீக்கன்ட் மதிப்பை வர்க்கப்படுத்தி, 890ஆல் பெருக்க வேண்டும். கழித்தபின் சுழி மிஞ்சும் 17ஆம் வாரமே, அதாவது ஏப்ரல் நடுப்பகுதியே, உச்சம். அப்போது வாரத்திற்கு 890 இறப்புகள். வளைவரையின் கீழுள்ள மொத்தப் பரப்பு, 890ஐ இரட்டித்து 0.2ஆல் வகுக்க வரும் 8,900.

இறப்புக் கணக்கு இவ்வளைவரையோடு நன்றாகவே ஒத்துப்போகிறது. மாணவர் நின்று யோசிக்க வேண்டிய இடமும் இதுவே. மனிதரிடையே காணும் பிளேக், எலிகளிடையே பரவும் நோயின் எதிரொலி. எலித்தெள்ளுப் பூச்சி வழியாக மனிதரை வந்தடைவது. ஆகவே மனிதர் மனிதரை எதிர்ப்படுவதாகக் கொண்ட எடுகோள் அங்கே பொருந்தாது. ஆசிரியர்களே இதனை மறைக்காமல், தங்கள் சூத்திரம் மிகத் தோராயமானது என எச்சரித்திருந்தனர். பின்னாளில் அவ்வளைவரையை எடுத்தாண்டோர் பலர் அந்த எச்சரிக்கையை விட்டுவிட்டனர் என்பது வருந்தத்தக்கது. மேலும், 1896இல் பம்பாயில் புகுந்த பிளேக் ஆண்டுதோறும் பருவம் பார்த்துத் திரும்பி வந்தது. மேற்கண்ட சூத்திரமோ ஒருமுறை எழுந்து விழுந்தால் மீண்டும் எழாது. நிக்கோலா பக்காயர் 2012இல் எழுதிய ஆய்வுரை இப்பருவச் சுழற்சியைச் சமன்பாட்டுக்குள் கொண்டுவந்தது. தொற்று வீதம் மாறிலியாக இல்லாமல் பருவத்தோடு ஏறி இறங்கும் சார்பாகிவிட்டால், பாடநூலின் பிரிக்கும் முறையும் தொகையீட்டுக் காரணியும் உதவுவதில்லை. ஆய்லர் முறையிலோ ரங்கே–குட்டா முறையிலோ காலத்தைச் சிறு சிறு படிகளாக்கிக் கணினியில் எண்ணிச் செல்வதே வழி. பல பாடத்திட்டங்களில் கடைசி அலகில் அவசரமாக முடிக்கப்படும் அம்முறைகள், நேரியல் அல்லாத சமன்பாடு அறிமுகமாகும் வாரத்திலேயே இடம்பெறத் தக்கவை.