வளர்ந்தோர்க்கு ஆங்கிலப் பேச்சுப் பாடம் வகுத்தல்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)



சங்கத்தின் ஆதரவில் வளர்ந்தோர்க்கென ஆங்கிலப் பேச்சு வகுப்பொன்று ஏற்படுத்துவதென நிர்வாக சபையார் தீர்மானித்திருக்கின்றனர். அதனை அமைக்கும் வகையைக் குறித்துச் சில வார்த்தைகள் கூறுமாறு காரியதரிசி அவர்கள் பணித்தார்கள். வகுப்பைத் தொடங்குதல் எளிது. ஒரு கரும்பலகையும் நான்கு விசிப்பலகைகளும் ஓர் உபாத்தியாயரும் கிடைத்தால் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே தொடங்கிவிடலாம். மூன்றாம் வாரத்தில் அவ்விசிப்பலகைகளில் எத்தனை பேர் அமர்ந்திருப்பார்கள் என்பதே கேள்வி.

இங்கு வந்து கற்கப்போகிறவர் யாவர்? துறைமுகத்தில் இருபது ஆண்டு உழைத்து, தொழிலின் நுணுக்கமெல்லாம் அறிந்திருந்தும், நேற்று வந்த அதிகாரி ஆங்கிலத்தில் வினவும்போது ‘எஸ் சார்’ என்பதற்குமேல் சொல்லெழாது நிற்பவர். கப்பல் வேலைக்கு விண்ணப்பமிட்டு, நேர்முகப் பரீட்சையில் வாயடைத்துத் திரும்பிய வாலிபர். மருத்துவமனையில் மருமகளுக்கு என்ன நோயென்று கேட்கத் தயங்கும் தாய்மார். இவர்களிடம் அறிவுக் குறைவில்லை. குறுக்கே நிற்பது வெட்கம். குழந்தை பிழைபடப் பேசினால் வீட்டார் மகிழ்ந்து முத்தமிடுவர். நாற்பது வயதினர் பிழைபடப் பேசினாலோ, அவர் பெற்ற மகனே சிரிக்கிறான். ஆதலின் பாடத்திட்டம் வகுப்போர் முதற்கண் நோக்கவேண்டியது இலக்கணத்தையன்று, இவ்வெட்கத்தையே.

தன் வழக்கைப் பிறர் வாயால் பேசவேண்டிய நிலைமை இப்பகுதிக்குப் புதிதன்று. 1918 ஏப்ரல் 27-ந் தேதி, நமக்கு அண்டையிலுள்ள பெரம்பூரில் ஆலைத் தொழிலாளர் பொருட்டுச் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. அதன் தலைவர் பி. பி. வாடியா பார்சி வகுப்பினர், தமிழறியாதவர். அவர் ஆங்கிலத்தில் பேசியவை தமிழில் பெயர்த்துரைக்கப்பட்டன. தொழிலாளர் நெஞ்சிலிருந்ததை முதலாளியின் செவிக்குச் சேர்ப்பிக்க ஆங்கிலம் வல்லாரொருவர் நடுவே வேண்டியிருந்தது. அப்பெருமகனார் செய்த தொண்டு சிறிதன்று. எனினும், நூறாண்டுக்குப் பின்னும் நம்மவர் நடுவர் ஒருவரைத் தேடி நிற்பது தகுமா என்று கேட்கிறேன்.

பாடத்தை எங்கிருந்து தொடங்குவது? ‘இது பூனை, அது பந்து’ என்னும் பாலர் புத்தகத்திலிருந்து அன்று. அதனை மீசை நரைத்தவர் கையிற் கொடுத்தால் மறுநாள் அவர் வரமாட்டார். எழுத்தின் பெயர்களையும் எண்களையும் முதல் வாரத்துக்கு வைக்கலாமென்பது என் கருத்து. இது சிறுபிள்ளைப் பாடமன்றோவென நகைக்கவேண்டாம். கன்டெய்னர் பெட்டி ஒவ்வொன்றின்மேலும் நான்கு எழுத்துகளும் ஏழு எண்களும் எழுதப்பட்டிருக்கின்றன. கடைசி எண், மற்றவை சரிதானாவென்று கணக்கிட்டுப் பார்ப்பதற்காகவே அமைந்தது. உலகத்தார் அவ்வளவு எச்சரிக்கையாயிருக்கும் ஒன்றை நம்மவர் ஐயமறச் சொல்லவும் கேட்கவும் வல்லவராயின், முதல் வாரத்திலேயே அவர் தொழிலுக்குப் பயன் கிடைத்துவிடும். ‘தர்ட்டீன்’ என்பதற்கும் ‘தர்ட்டி’ என்பதற்கும், ‘ஃபிஃப்டீன்’ என்பதற்கும் ‘ஃபிஃப்டி’ என்பதற்கும் செவி மயங்கும். ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்ட மாலுமிகளுக்கும் இம்மயக்கம் உண்டு. ஆகவே கப்பல் வயர்லெஸில் பதினைந்தை ‘ஒன், ஃபைவ்’ எனத் தனித்தனியே சொல்லுகின்றனர்.

கப்பலோட்டிகளின் ஆங்கிலத்தைப்பற்றி இன்னும் சிறிது சொல்லவேண்டும். பல தேசத்தார் ஒரே கடலில் ஓடுவதால், சர்வதேசக் கடல்சார் நிறுவனத்தார் 2001-ஆம் ஆண்டில் கடற்றொடர்புக்கெனத் திட்டமான வாக்கியங்களை ஏற்றுக்கொண்டனர். சொன்னது செவியில் விழவில்லையாயின் ‘சே அகெய்ன்’ என்று கேட்கவேண்டுமென்பது அவற்றுள் ஒரு விதி. தான் சொன்னதில் பிழை நேர்ந்ததாயின் ‘மிஸ்டேக்’ என்று கூறி, பின்னர் ‘கரெக்ஷன்’ என்று சொல்லிச் சரியானதைச் சொல்லவேண்டுமென்பது மற்றொன்று. பெரிய கப்பலின் தலைவரும் இவ்விதிக்கு உட்பட்டவரே. இவ்விரண்டையும் நம் வகுப்பின் இரண்டாம் பாடமாக்கி, மாணாக்கர் நாள்தோறும் வாய்விட்டுச் சொல்லச் செய்வோமாயின், மறுபடி கேட்பதும் பிழையைத் திருத்திக்கொள்வதும் அவமானமாகாமல் தொழில்முறை ஆகிவிடும். வெட்கத்துக்கு இதனினும் நல்ல மருந்தை நான் அறியேன்.

மூன்றாவது, நம்மவர் ஏற்கெனவே அறிந்த சொற்களை எண்ணிப் பார்த்தல். லாஞ்சு, டீசல், ஐஸ், வயர்லெஸ், லைசென்ஸ், கோஸ்ட் கார்டு, ஷிப்டு, ஓவர்டைம், கேட்பாஸ், கிரேன், டோக்கன் என்று காசிமேட்டிலும் எண்ணூரிலும் ஒரு நாளில் வழங்கும் ஆங்கிலச் சொற்கள் கொஞ்சமல்ல. முதல் நாளன்றே அவற்றைப் பலகையில் எழுதுங்கள். பலகை நிரம்பும். ‘எனக்கு ஒன்றும் தெரியாது’ என்று வந்தவர் தம் கையிருப்பைக் கண்டு வியப்பார். அவற்றைக் கோக்கும் வினைச்சொற்களே இனித் தரவேண்டியவை.

நடைபாதையில் விற்கும் ‘முப்பது நாளில் ஆங்கிலம்’ என்னும் வகைப் புத்தகங்களை நம்பவேண்டாம். தமிழ் நெடுங்கணக்கில் வல்லினம் ஒவ்வொன்றுக்கும் ஓரெழுத்தே உண்டு. மருந்து மாத்திரையும் கடைக்காரர் தரும் கணக்குச் சீட்டும் ஆங்கிலத்தில் வெவ்வேறு ஒலி. தமிழில் எழுதினால் இரண்டும் ‘பில்’ ஆகிவிடுகின்றன. பேச்சு செவிவழியே வரவேண்டும்.

கற்பிப்போர் யார்? இவ்விஷயத்தில் நம் சென்னைக்கே உரிய பழைய முறையொன்று உண்டு. எழும்பூரில் ஆண் அநாதைப் பிள்ளைகள் விடுதியை 1789 முதல் மேற்பார்த்த பாதிரியார் ஆண்ட்ரு பெல், இவ்வூர்த் திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். அதனைத் தம் பள்ளியிற் புகுத்த முனைந்தபோது உபாத்தியாயர் உடன்படவில்லை. ஆகவே மாணாக்கனொருவனையே மற்றவர்க்குக் கற்பிக்க வைத்தார். 1797-ல் இம்முறையை அவர் லண்டனில் நூலாக வெளியிட, அது ‘மெட்ராஸ் முறை’ என்று இங்கிலாந்தெங்கும் பரவிற்று. அவர் பிறந்த ஸ்காட்லாந்து ஊரில் அவர் பொருளால் நிறுவிய பள்ளிக்கு இன்றும் ‘மெட்ராஸ் காலேஜ்’ என்றே பெயர். நம் கடற்கரை மணலிலிருந்து சென்றதை நாம் மீட்டுக்கொள்வதில் தவறில்லை. பத்து வாக்கியம் அறிந்தவர் ஐந்து அறிந்தவருக்குச் சொல்லட்டும். இருவர் இருவராய் அமர்ந்து பேசட்டும். உபாத்தியாயர் நடந்துகொண்டே கேட்கட்டும். கல்லூரியிற் படிக்கும் நம் பெண்பிள்ளைகள் துணைசெய்ய முன்வருவர், வரவேற்போம். ஆனால் மகள் கற்பிக்கும் குழுவில் தந்தையை அமர்த்தாதீர்கள். அயல் தெருவாரை அமர்த்துங்கள்.

பாடத்தின் உள்ளடக்கத்துக்கும் வழிகாட்டி உண்டு. 1979 முதல் 1984 வரை தென்னாட்டுப் பள்ளிகள் சிலவற்றில் என். எஸ். பிரபு ஒரு பரிசோதனை நடத்தினார். இலக்கணச் சூத்திரத்தை முன்வைக்காமல், இரயில் கால அட்டவணை, ஊர்ப்படம் முதலியவற்றைக் கொடுத்து, ஒரு காரியத்தை முடிக்கச் செய்தார். காரியத்தில் மனம் ஊன்ற, பாஷை உடன் வந்தது. நமக்கும் கும்மிடிப்பூண்டி மார்க்கத்து வண்டி அட்டவணை இருக்கிறது. காலை ஆறு மணி ஷிப்டுக்குத் திருவொற்றியூரிலிருந்து எந்த வண்டியில் ஏறவேண்டுமென்று இருவர் ஆங்கிலத்தில் தர்க்கித்து முடிவு செய்தால் அதுவே ஒரு பாடம்.

தமிழுக்குக் கேடு வருமோவென்று பெரியவர் சிலர் ஐயுறுகின்றனர். மீனவர் குடும்பத்தில் 1860-ல் பிறந்த சிங்காரவேலர் ஆங்கிலம் கற்று வழக்கறிஞரானவர். 1923-ல் இந்நகரக் கடற்கரையில் மே தினக் கூட்டம் கூட்டியவர். அவரே பிற்காலத்தில் ‘குடி அரசு’ப் பத்திரிகையில் விஞ்ஞான விஷயங்களைத் தமிழில் எழுதினார். இதற்குமேல் விடை வேண்டுமென்று நான் நினைக்கவில்லை.

இனிக் காலம். ஷிப்டு மாறி மாறி வரும் ஆலைத் தொழிலாளர்க்கு ஒரே பாடத்தைக் காலையிலும் மாலையிலும் இருமுறை நடத்தவேண்டும். இல்லையேல் ஒருவாரம் விட்டவர் மறுவாரம் வரக் கூசுவார். விசைப்படகுகளில் செல்வோர்க்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அந்த 61 நாளும் நாள்தோறும் ஒரு மணி நேரம் வைத்தால் ஓராண்டு ஞாயிறுகளை விட அதிகம் தேறும். மீன் விற்கும் மாதர்க்குப் பிற்பகலே உகந்தது. அவர்களுக்குத் தனி வகுப்பும் கைக்குழந்தைகளுக்கு ஒரு மூலையும் வேண்டும். பரீட்சை வேண்டாம். ஆண்டுவிழாவில் இவர்களை மேடையேற்றி ஆங்கிலத்தில் பேசவைக்கும் ஆசை நம் நிர்வாகிகளுக்கு உண்டாகும். அதைத் தயைகூர்ந்து அடக்கிக்கொள்வார்களாக.

பெயர் கொடுப்போர் ஒவ்வொருவரும் ஒரு சீட்டில், தமிழிலேயே, எந்த இடத்தில், யாரிடம், எதைச் சொல்ல விரும்பிச் சொல்லமுடியாமற் போயிற்று என்பதை எழுதித் தரவேண்டும். எழுதவியலாதவர் காரியதரிசியிடம் வாயாற் சொல்லலாம். பெயரிட வேண்டுவதில்லை. அச்சீட்டுகளைச் சேர்த்து வைத்துக்கொண்டே பாடங்களை எழுதத் தொடங்குவோம். தடைக்காலம் தொடங்குமுன் அவை கைக்கு வருதல் நலம்.