ஆறு குழிகளில் எழுத்து
(விழாவில் ஆற்றிய உரை)



நால்வகைத் தானங்களுள் சாத்திர தானமும் ஒன்று என்பதைத் தாங்கள் அறிவீர்கள். நம் முன்னோர் எழுத்தாணியால் ஏடெழுதி வழங்கினர். அவ்வெழுத்தாணியைப் பார்வையற்ற குழந்தையின் கையில் தருவது பற்றியே இன்று பேச வந்துள்ளேன்.

நெல்லைச் சீமைக்கு இதில் நெடிய தொடர்பு உண்டு. 1890இல் ஆஸ்க்வித் அம்மையார் பாளையங்கோட்டையில் பார்வையற்றோர் பள்ளியைத் தொடங்கினார். 1951இல் இந்திய மொழிகளுக்குப் பொதுவாகப் பாரதி பிரெயில் ஏற்கப்பட்டது.

புளியறையில் ஒரு சிறுவனுக்குக் கற்பித்தேன். செவியால் கேட்ட செய்யுளைப் பிழையின்றி ஒப்பிப்பான். "கைப்பேசியே படித்துக் காட்டுகிறதே, எழுத்து எதற்கு?" என்றனர் வீட்டார். 'பழம்' என்பதில் வருவது ழகரமா, ளகரமா என்று அவனிடம் வினவினேன். விடையில்லை. கேட்டவன் அறிவாளி ஆகலாம். எழுதத் தெரிந்தவனே தன் கருத்தைத் தானே பதிந்து வைப்பான்.

முதலில் விரல்களுக்கு வலிமை வேண்டும். மாவு பிசைதல், களிமண் உருட்டல், பூக்கோத்தல் ஆகியன அதற்குப் போதும். பிறகு பல்லாங்குழிப் பலகையை நெடுக்காக வைத்து, மூன்று இணைக் குழிகளை மட்டும் எடுத்துக்கொண்டேன். அந்த ஆறு குழிகளே பிரெயில் கட்டம், புளியங்கொட்டையே புள்ளி. இடவரிசையில் முதற்குழியிலும் மூன்றாம் குழியிலும் கொட்டையிட்டால் ககரம். வலவரிசையின் முதற்குழியிலும் ஒன்று சேர்த்தால் மகரம்.

சிலேட்டில் தாளைப் பொருத்தி ஊசியால் குத்தும்போது வலமிருந்து இடமாக எழுத வேண்டும். தாளைத் திருப்பினால்தான் புடைத்த புள்ளிகளை இடமிருந்து வலமாகப் படிக்கலாம். ஆகவே கொட்டைகளை இடம் வலம் மாற்றி அடுக்கும் விளையாட்டைப் பலநாள் ஆடினோம். அதன்பின் பழைய நாட்காட்டி அட்டைகளில் குத்திப் பழகினான்.

'அம்மா' நமக்கு மூன்றெழுத்து. பிரெயிலில் ஐந்து கட்டங்கள். மகர மெய்யின் புள்ளிக்கு ஒரு கட்டம், நெடிலின் ஆகாரத்திற்கு ஒரு கட்டம் தனியே வேண்டும். அவன் அதைப் பிழையின்றி எழுதிய நாளில், தாயின் விரலைப் பற்றிப் புள்ளிகளின்மேல் நகர்த்தித் தானே படித்துக் காட்டினான். எழுத்து எதற்கு என்று அவ்வீட்டில் பின்னர் எவரும் கேட்கவில்லை.

அன்பர்களே, தங்கள் தெருவிலும் இத்தகைய குழந்தை இருக்கக்கூடும். வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரிடம் அக்குழந்தையை அழைத்துச் செல்லுங்கள். பரணில் கிடக்கும் பல்லாங்குழியை இறக்கிக் கொடுங்கள். அதுவும் சாத்திர தானமே.