பள்ளி இசைக்குழுவில் பிள்ளையின் முதல் மூன்று மாதங்கள்

(கல்வி உதவி நிதி வழங்கும் நிகழ்ச்சியில் பெற்றோரிடையே ஆற்றிய உரை)



ஆண்டுத் தொடக்கத்தில் பள்ளிகளில் இணைப்பாட நடவடிக்கைகளுக்கு மாணவர்களைத் தேர்ந்தெடுப்பார்கள். "பேண்டில் சேர்த்துக்கொண்டார்கள், கையொப்பம் போடுங்கள்" என்று பிள்ளை ஒரு தாளை நீட்டும்போது, நம் வீடுகளில் மூன்று கேள்விகள் எழுகின்றன. படிப்பு கெடுமா? செலவு அதிகமா? இது நமக்கு உரிய இசைதானா?

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். முத்துசுவாமி தீட்சிதர் (1775-1835) ஆங்கிலேயரின் பேண்டு இசையைக் கேட்டு, அந்த மெட்டுகளுக்கு வடமொழியில் சாகித்தியம் செய்தவர். ஏறக்குறைய 40 உருப்படிகள் 'நோட்டுஸ்வரம்' என்ற பெயரில் இன்றும் பாடப்படுகின்றன. கிளாரினெட்டைக் கச்சேரி மேடையில் நிலைநிறுத்தினார் ஏ.கே.சி. நடராஜன். சாக்ஸபோனில் ராக ஆலாபனை செய்தார் கத்ரி கோபால்நாத் (1949-2019). நம் கோயில் நாதஸ்வரத்தின் சீவாளியும் கிளாரினெட்டின் ரீடும் நாணல் இனத்துத் தண்டில் செய்யப்படுபவையே. ஆகவே நம் பிள்ளை அந்நியமான வீட்டுக்குள் நுழைகிறான் என்று எண்ண வேண்டியதில்லை.

படிப்பைப் பற்றிய கவலை நியாயமானது. ஆனால் சிங்கப்பூர் உயர்நிலைப்பள்ளியில் ஏதேனும் ஓர் இணைப்பாட நடவடிக்கையில் ஈடுபடுவது கட்டாயம். அந்த நேரம் எப்படியும் செலவாகத்தான் போகிறது. அது பயனுள்ளதாக அமைகிறதா என்பதே கேள்வி.

செலவுக்கு வருவோம். பெரும்பாலான பள்ளிகள் கருவியை இரவலாகத் தருகின்றன. ஆகவே முதல் மாதங்களில் கருவி வாங்க ஓட வேண்டாம். மலிவாகக் கிடைக்கிறது என்று பெயர் தெரியாத கருவியை வாங்கினால், பழுதுபார்ப்பவரே அதைத் தொடத் தயங்குவார். என்ன வாங்க வேண்டும் என்று இசைக்குழு ஆசிரியரிடம் கேட்டு, அதை மட்டும் வாங்குங்கள்.

அடுத்து, எந்தக் கருவி? டிரம்பெட் கேட்ட பிள்ளைக்கு யூஃபோனியமும், சாக்ஸபோன் கேட்ட பிள்ளைக்குக் கிளாரினெட்டும் கிடைப்பது வழக்கம். உதட்டின் அமைப்பு, பல் வரிசை, விரல் நீளம், டிராம்போனுக்குக் கை எட்டுகிறதா என்று பார்த்தும், குழுவின் தேவையைப் பார்த்தும் ஆசிரியர் முடிவு செய்கிறார். முகம் வாடி வரும் பிள்ளையிடம் நாம் சொல்ல வேண்டியது இதுதான்: ஒத்தும் தவிலும் இல்லாமல் நாதஸ்வரக் கச்சேரி உண்டா? டியூபா ஊதுபவன் ஒரு நாள் வராவிட்டால் மொத்தக் குழுவுக்கும் தரை இல்லாமல் போய்விடும். பல்லுக்குக் கம்பி போடப் போகிறீர்கள் என்றால் மட்டும் அதை ஆசிரியரிடம் முன்கூட்டியே தெரிவியுங்கள். பித்தளைக் கருவி ஊதுவோருக்கு அது உறுத்தும்.

முக்கியமான விஷயம் இனிமேல்தான். பிள்ளைகள் விலகுவது பெரும்பாலும் முதல் மூன்று மாதங்களில். நான் பார்த்தவரை அதற்குக் காரணம் திறமைக் குறைவு அன்று. வீட்டில் யாரோ சிரித்துவிடுகிறார்கள். புதிதாக ஊதும்போது வாத்துக் கத்துவது போல்தான் சத்தம் வரும். கிளாரினெட் கீச்சிட்டால், விரல் துளையை முழுதாக மூடவில்லை, அல்லது ரீடின் நுனி உடைந்திருக்கிறது என்று பொருள். அது பிள்ளையின் குறை அன்று, பாடத்தின் ஒரு படி. தம்பி தங்கைகளும் கேலி செய்யாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாள்தோறும் 15 நிமிடம் போதும். சனிக்கிழமை மட்டும் இரண்டு மணி நேரம் ஊதுவதால் உதட்டுத் தசை களைத்துப் போகுமே தவிரப் பழகாது. முதலில் ஒரே சுரத்தை நீண்ட மூச்சில் அசையாமல் ஊதட்டும். பிறகு ஐந்து சுரங்கள், அதன் பிறகு பாட்டு. அடுக்குமாடி வீட்டில் இருக்கிறோம். ஜன்னலைச் சாத்திவிட்டு, மாலை வேளையிலேயே பயிற்சியை முடித்துக்கொள்ளட்டும். அக்கம்பக்கத்தாரிடம் முன்பே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

வீட்டில் கீபோர்டு உள்ளவர்களுக்கு ஒன்று. பிள்ளை டிரம்பெட்டில் அல்லது கிளாரினெட்டில் 'சி' என்று ஊதுவது, கீபோர்டில் 'பி ஃபிளாட்' ஆக ஒலிக்கும். தப்பாக ஊதுகிறாய் என்று திட்டாதீர்கள். நம் சங்கீதத்தில் பாடுபவரின் கட்டைக்கு ஏற்ப 'ச' இடம் மாறுவதில்லையா? அதுபோல இந்தக் கருவிகளின் 'சி'யும் வேறு இடத்தில் அமைந்திருக்கிறது.

கருவியைப் பேணுவதும் பயிற்சியே. மைலோவோ தேநீரோ குடித்தவுடன் ஊதக் கூடாது. வாயைக் கொப்பளித்த பிறகே ஊத வேண்டும். ஊதி முடித்ததும் கிளாரினெட்டின் உட்புறத்தைத் துணியால் துடைக்க வேண்டும். டிரம்பெட்டில் தேங்கும் நீரை வடித்து, வால்வுக்கு அதற்குரிய எண்ணெயைச் சில சொட்டு விட வேண்டும். சமையல் எண்ணெய் கூடாது. ஊதும் முனை சிக்கிக்கொண்டால் குறட்டை எடுக்காதீர்கள்; பள்ளிக்கு அனுப்புங்கள். ரீடு மூன்று வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் பயன்படுத்தினால் நெடுநாள் உழைக்கும்.

தைப்பூசம் சிங்கப்பூரில் பொது விடுமுறை அன்று. பயிற்சி நாளும் விழா நாளும் மோதினால், கடைசி நேரத்தில் பிள்ளையைத் தர்மசங்கடத்தில் நிறுத்தாதீர்கள். ஆண்டுத் தொடக்கத்திலேயே தேதியைக் குறித்து ஆசிரியருக்கு எழுதிக் கொடுங்கள். முன்கூட்டிச் சொன்னால் ஆசிரியர் அதற்கேற்ப ஏற்பாடு செய்துகொள்ள முடியும்.

சிங்கப்பூர் இளையர் விழா 1967 முதல் நடந்து வருகிறது. முன்பு தங்கம், வெள்ளி என்று விருது வழங்கினார்கள். 2013 முதல் அதற்குப் பதிலாக மூன்று நிலைச் சான்றிதழ்கள் வழங்குகிறார்கள். எந்தச் சான்றிதழ் என்பதை விட, ஐம்பது பேர் நடுவில் தன் முறை வரும்வரை எண்ணிக் காத்திருந்து, சரியான இடத்தில் மூச்சைக் கொடுக்கக் கற்றுக்கொண்டானா என்று பாருங்கள். அந்தப் பொறுமையைத் தனியாக உட்கார்ந்து படித்துப் பெற முடியாது.

பெற்றோர்களே, உங்களுக்கு இசை தெரிய வேண்டும் என்று அவசியமில்லை. "இன்று என்ன கற்றாய்? எனக்குக் கொஞ்சம் ஊதிக் காட்டு" என்று கேளுங்கள். அவன் ஊதும்போது தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, ஐந்து நிமிடம் எதிரே உட்காருங்கள். பள்ளி கருவியைக் கொடுக்கும், ஆசிரியர் பாடத்தைக் கொடுப்பார். கேட்கும் செவியை நாம்தான் கொடுக்க வேண்டும்.